ஞாயிறு, புதன், ஞாயிறு: எங்கள் குடும்பக் குழுவில் நாய்க்கடி ஊசிப் பேச்சு

*ஞாயிறு*

சுமதி: எல்லாருக்கும் ஒரு செய்தி. விளையாடப் போன இடத்தில் பிரணவைத் தெரு நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் பல் பதிந்து ரத்தம் வந்தது. பக்கத்துக் கிளினிக்கில் டிடி ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இப்போது பரவாயில்லை.

மீனா: சித்தி, டிடி ரணஜன்னிக்குப் போடுவது. ரேபீஸுக்கு, அதாவது வெறிநாய்க்கடி நோய்க்கு, அது எதுவும் செய்யாது. காயத்தைக் கழுவினீர்களா?

சுமதி: தண்ணீர் ஊற்றித் துடைத்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி மஞ்சள் வைத்துவிட்டார்கள்.

மீனா: மஞ்சளை எடுத்துவிடுங்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைச் சிதைத்துவிடும். கட்டுப் போடாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வந்த கடி மூன்றாம் வகை, அதாவது மிகக் கடுமையான வகை. தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும் என்று கேளுங்கள்.

ராஜேந்திரன்: மழை கொட்டுகிறது. நாளைக் காலையில் போனால் ஆகாதா? பையன் திடமானவன், காய்ச்சல் என்று படுத்ததே கிடையாது. எதிர்ப்புச் சக்தி உள்ள உடம்புக்கு எதற்கு இத்தனை ஊசி?

மீனா: அப்பா, இன்றைக்கே போகட்டும். கதிர், ஆட்டோ பிடி. மற்றதை நான் பிறகு சொல்கிறேன்.

கதிர்: கிளம்பிவிட்டோம் அக்கா.

மீனா: இப்போது சொல்கிறேன் அப்பா. எதிர்ப்புச் சக்தி வேலை செய்ய வேண்டுமானால் முதலில் வைரஸ் அதன் கண்ணில் பட வேண்டும். சின்னம்மையில் வைரஸ் ரத்தத்தில் பரவுகிறது, காய்ச்சல் வருகிறது, உடம்பு முழுக்க விழித்துக்கொள்கிறது. ஓரிரு வாரத்தில் ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடித்து முடக்குகிற புரதம், தயாராகி ஆள் எழுந்துவிடுகிறார். ரேபீஸ் அப்படி இல்லை. கடித்த இடத்துத் தசையில் கொஞ்சமாகத் தங்கி, நரம்பு முனையில் ஒட்டி, நரம்புக்குள்ளேயே மூளைப் பக்கம் நகரும். ரத்தத்தில் சுற்றாது. நரம்புக்குள் போய்விட்டால் ஆன்டிபாடிக்கு அது எட்டுவதும் கடினம். அறிகுறி தெரிந்த பிறகுதான் பெரும்பாலானவர்களுக்கு உடம்பு ஆன்டிபாடியே செய்யத் தொடங்குகிறது. அதற்குள் மூளை கெட்டுவிடும். திடமானவர், நோஞ்சான் என்ற பேதமெல்லாம் அங்கே கிடையாது. அறிகுறி வந்த பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர்தான்.

ராஜேந்திரன்: அப்படியானால் கடித்த பிறகு ஊசி போட்டு என்ன பயன்? மற்றத் தடுப்பூசியெல்லாம் நோய்க்கு முன்னால்தானே போடுகிறோம்?

மீனா: நல்ல கேள்வி அப்பா. வைரஸ் மூளைக்குப் போய்ச் சேர நாள் பிடிக்கும். பெரும்பாலும் 2, 3 மாதம். ஒரு வாரத்தில் நோய் வந்தவர்களும் உண்டு, ஒரு வருடம் கழித்து வந்தவர்களும் உண்டு. முகத்திலும் தலையிலும் கடித்தால் வழி குறைவு, சீக்கிரம் வரும். அந்த இடைவெளியில் தடுப்பூசி முந்திக்கொள்ள வேண்டும். 1885-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் முதலில் ஊசி போட்ட ஜோசப் மைஸ்டருக்கு நம் பிரணவ் வயதுதான், 9. அவனுக்கும் கடித்த பிறகுதான் போட்டார்கள், பிழைத்தான்.

சுமதி: வந்துவிட்டோம். மருந்து ஒவ்வாமல் போகுமோ என்று கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். கையில் போட்ட ஊசிக்கு அழவில்லை. எடை பார்த்து அளவு எடுத்து, காயத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் குத்தினார்கள் பார், பிள்ளை துடித்துப்போனான். அதையும் கையிலேயே போடக் கூடாதா மீனா?

மீனா: அந்த மருந்து இருக்க வேண்டிய இடமே காயம்தான் சித்தி. அதுதான் இம்யூனோகுளோபுலின். குதிரைக்குத் தடுப்பூசி போட்டு, அதன் ரத்தத்தில் உண்டான ஆன்டிபாடியைப் பிரித்தெடுத்தது. குதிரையிலிருந்து எடுத்தது என்றால் கிலோவுக்கு 40 அலகு, மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் 20. நரம்புக்குள் இன்னும் நுழையாத வைரஸை அங்கேயே பிடித்து முடக்கிவிடும். தடுப்பூசி போட்ட அன்றே ஆன்டிபாடி வராது, ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதுவரை இது கைமாற்று. சில வாரத்தில் கரைந்துபோகும், அதற்குள் பிரணவின் சொந்தச் சம்பாத்தியம் வந்துவிட வேண்டும். வலித்தாலும் போட்டுக்கொண்டு வந்தீர்களே, எனக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

*புதன்*

கதிர்: இரண்டாவது ஊசி ஆயிற்று. அக்கா, ஒரு சந்தேகம். இங்கே இரண்டு கையிலும் தோலில் துளித் துளியாகத்தான் போடுகிறார்கள். என் நண்பனுக்குத் தனியார் மருத்துவமனையில் குப்பி முழுவதையும் தசையில் போட்டார்கள். இலவசம் என்பதால் மிச்சம் பிடிக்கிறார்களோ?

மீனா: மருந்து மிச்சமாவது உண்மை, பலன் குறைவதில்லை. உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்ட முறை இது. ஓர் இடத்துக்கு 0.1 மில்லி. தோலில் காவல் செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. அவை வைரஸின் புரதத்தை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போகும். அக்குளில் நெறி கட்டுகிறது என்போமே, அந்த முடிச்சு. அங்கே இந்த வைரஸுக்குப் பொருந்துகிற டி செல், பி செல் என்ற வெள்ளை அணுக்கள் விழித்துப் பெருகும். பி செல்தான் ஆன்டிபாடி செய்வது. முதலில் அவசரத்துக்கு ஒரு வகை, பிறகு இறுகப் பிடிக்கிற, நெடுநாள் நிற்கிற வகை. அடுத்தடுத்த ஊசி இந்தப் பி செல்களை மேலும் தேர்ச்சியாக்குகிறது. முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்தால், தோலில் என்றால் 0, 3, 7, 28-ஆம் நாள். தசையில் என்றால் 0, 3, 7, 14, 28. நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாக்கியம்: எனக்குச் சின்ன வயதில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள் கதிர். தினம் ஒன்று. நான்காவது நாளே வயிறு கல்லாக வீங்கிவிட்டது. எங்கள் தெருவில் ஒருவருக்கு அந்த ஊசியால் கால் விளங்காமல் போனது என்று பேசிக்கொள்வார்கள். அந்தப் பயம்தான் எனக்கு இன்னும்.

மீனா: அத்தை, உங்கள் பயத்தில் காரணம் இருக்கிறது. அது ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்துச் செயலிழக்கச் செய்த மருந்து. அதில் மூளைத் திசுவும் சேர்ந்தே இருக்கும். சிலருடைய உடம்பு வைரஸோடு சேர்த்து அந்த நரம்புப் புரதத்தையும் எதிரியாகப் பழகிக்கொண்டு, தன் நரம்பையே தாக்கும். கை கால் விழுவது அதனால்தான். 1907 முதல் இயங்கும் நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் முன்பு ஆட்டு மூளை மருந்துதான் செய்தது. 2004-05 வாக்கில் இந்தியா முழுக்க அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது போடுவது ஆய்வகத்தில் செல்களில் வளர்த்து, செயலிழக்கச் செய்து, சுத்திகரித்த வைரஸ். மூளைத் திசு கிடையாது. இதனால் ரேபீஸ் வரவும் வராது. கர்ப்பிணிகூடப் போட்டுக்கொள்ளலாம்.

பாக்கியம்: இத்தனை வருடம் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை மீனா.

சுமதி: அண்ணி, நீங்கள் அத்தனையும் தாங்கினீர்களே. மீனா, பத்தியம் உண்டா? முட்டை கேட்கிறான்.

மீனா: தாராளமாகக் கொடுங்கள் சித்தி. கோழிக்கறியும் கொடுக்கலாம்.

*ஞாயிறு*

ராஜேந்திரன்: அந்த நாயை நேற்றுப் பார்த்தேன், டீக்கடை வாசலில் பிஸ்கட் தின்கிறது. அப்புறம் மூன்றாவது ஊசி வேண்டுமா சுமதி?

மீனா: வேண்டும் அப்பா! இன்னும் 10 நாள் ஆகவில்லை. நாய்க்கு அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே எச்சிலில் வைரஸ் வரும். அப்படி வந்த நாய் 10 நாளுக்குள் நோயில் விழுந்துவிடும். 10 நாள் தாண்டியும் நன்றாக இருந்தால் கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். அதன் பிறகு நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். தெரு நாய் நம் கண்ணிலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் 28-ஆம் நாள் வரை முடித்துவிடுவதே நல்லது.

கதிர்: முடித்துவிட்டால் ஆயுளுக்கும் போதுமா அக்கா? மறுபடி கடித்தால்?

மீனா: மறுபடி கடித்தாலும் ஊசி உண்டு, ஆனால் இரண்டே தடவை, 0, 3-ஆம் நாள். காயத்துக்குள் குத்துகிற மருந்து தேவையில்லை. ரத்தத்தில் ஆன்டிபாடி மில்லிக்கு 0.5 அலகு இருந்தால் தேறியதாகக் கணக்கு. வருடங்கள் போகப் போக அந்த அளவு இறங்கலாம், ஆனால் நினைவு செல்கள் தங்கிவிடும். புதிதாகக் கற்க ஒரு வாரத்துக்கு மேல் எடுத்த உடம்பு, நினைவு இருந்தால் சில நாளிலேயே நிறைய ஆன்டிபாடி செய்துவிடும். அதற்கு இந்தத் தடவை போட்டதற்கான சீட்டு வேண்டும், பத்திரமாக வைத்திருங்கள்.

கதிர்: சீட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுகிறேன்.

ராஜேந்திரன்: சரிம்மா. சுமதி, 28-ஆம் நாள் என்றைக்கு வருகிறது? நம் கோயில் கொடை இருக்கிறதே.

சுமதி: அதுவும் ஞாயிறுதான் மாமா, கொடை அன்றைக்கேதான். காலையில் முதல் ஆளாகப் போய் ஊசி போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குள் ஊருக்கு வந்துவிடுகிறோம்.