லாக்கப் அடி, மறியல், மார்ச்சுவரி வாசல்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செம்மண் தேரி:

ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போன ஆள் செத்துட்டான்னு சேதி வந்ததும் நம்ம சீமையில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். முக்கு ரோட்டில் டயர் எரியும், பஸ் நிற்கும், டி.எஸ்.பி. ஜீப் வரும். சொந்தக்காரர்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மார்ச்சுவரி வாசலில் உட்கார்ந்து “உடலை வாங்க மாட்டோம்” என்பார்கள். மூணாம் நாளோ நாலாம் நாளோ அதிகாரிகள் வந்து வாயால் எதையாவது சொல்லுவார்கள், உடல் போய்ச் சேரும். ஆறு மாசம் கழித்து கேஸ் கட்டைப் பிரித்தால் நம்ம பக்கம் ஒரு தாள் இருக்காது.

இந்த இழையில் வீரக்கதை வேண்டாம். அடுத்தவனுக்கு உதவுகிற விவரம் மட்டும் போடுங்கள்.

முதலில் சாத்தான்குளம். 2020 ஜூன் 19 ராத்திரி ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். 22ஆம் தேதி மகன் செத்தான், 23ஆம் தேதி அப்பா. ஊரடங்கு நேரம், இருந்தும் ஊர் ரோட்டுக்கு வந்தது, கடைகள் அடைத்தன. எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதியிருந்தது? அவர்களே தரையில் உருண்டு புரண்டு ஊமைக்காயம் ஆனதாக. அதை உடைத்தது கோஷம் இல்லை. பக்கத்துக் கடை கேமரா. அவர்கள் கடை வாசலில் தகராறு எதுவும் நடக்கவில்லை என்று அதில் தெரிந்தது. ஸ்டேஷன் கேமராவுக்கு 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் இருந்தும், பதிவு அன்றன்றைக்கே தானாக அழிகிற மாதிரி செட்டிங் வைத்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்தான் கண்டுபிடித்து எழுதினார்.

அதற்கு ஒரு மாசம் முன்னால், மே 25, மினியாபொலிஸ். ஜார்ஜ் ஃபிளாய்ட் செத்ததும் போலீஸ் விட்ட முதல் அறிக்கை ‘மருத்துவச் சம்பவம்’ என்றுதான் சொன்னது. 17 வயசுப் பெண் ஒருத்தி செல்போனில் எடுத்த வீடியோ அதைக் கிழித்துப் போட்டது. அங்கே தோல் நிறத்தைப் பார்த்து முழங்காலை வைக்கிறான். இங்கே “எந்த ஊரு? எந்தத் தெரு?” என்று கேட்டுவிட்டு லத்தியை எடுக்கிறான். முதல் தாளில் பொய் எழுதுவதில் மட்டும் ரெண்டு ஊருக்கும் வித்தியாசம் இல்லை.

பொருநைக்கரை:

கூடுகிற இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 1999 ஜூலை 23, கொக்கிரகுளம். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும் சிறையில் கிடந்தவர்களை விடச் சொல்லியும் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம். ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் தாமிரபரணி. தடியடி தொடங்கினதும் கூட்டத்துக்கு இருந்த ஒரே திறப்பு ஆறுதான். 17 பேர் போனார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. பெரும்பாலோர் மூழ்கிச் செத்ததாக விசாரணைக் கமிஷன் சொன்னது. ஏன் ஆற்றில் இறங்கினார்கள் என்பதல்லவா கேள்வி?

ஆகவே, மனு கொடுக்கும் முன்னாடி ஒரு ஆள் போய் அந்த இடத்தை நடந்து பார்க்கணும். குறைந்தது மூணு வெளிவழி வேண்டும். அதில் ரெண்டு, வேன் மறித்து நின்றாலும் அடைபடாத சந்தாக இருக்கணும். ஒரு பக்கம் ஆறு, குளம், ரயில்வே வேலி, நீண்ட காம்பவுண்ட் சுவர் என்று இருந்தால் அந்தப் பக்கம் முதுகு காட்டிக் கூட்டத்தை உட்கார வைக்காதீர்கள். குழந்தை, வயசாளிகள் நடுவில் வேண்டாம், வெளிவழி ஓரமாக இருக்கட்டும். நடுவில்தான் நசுங்கும். சாயங்காலம் இருட்டும் முன்னாடி கலைந்துவிடணும். இருட்டினால் கல்லை யார் எறிந்தது என்று யாருக்கும் தெரியாது, முதல் கல்லுக்குப் பிறகு எல்லாம் ‘கலவரம்’.

அனுமதி மனு மாநகரத்துக்குள் என்றால் கமிஷனர் ஆபீஸ், வெளியே என்றால் அந்த சப்டிவிஷன் டி.எஸ்.பி. ஆபீஸ். ஒரு வாரம் முந்தியே ரெண்டு பிரதி கொடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போக முடியும். “வாயால வேண்டாம்னுட்டாங்க” என்றால் வக்கீல் என்ன செய்வார்?

டயர், பஸ் கண்ணாடி பற்றியும் ஒரு வார்த்தை. 1908 மார்ச் 13இல், வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் பிடித்ததற்கு நெல்லை கொந்தளித்தது. நகராட்சி ஆபீஸ், தபால் ஆபீஸ் எல்லாம் எரிந்தது, துப்பாக்கிச்சூட்டில் 4 பேர் செத்தார்கள். அதற்கப்புறம் ஊருக்குத் தண்டப் போலீஸ் போட்டு, அதன் செலவை ஊர்க்காரன் தலையிலேயே கட்டினார்கள். அந்த எழுச்சியைக் குறை சொல்லவில்லை, வே. பில் யாருக்கு வரும் என்பதைச் சொல்கிறேன்.

ஹைகிரவுண்ட் பக்கம்:

அடிபட்டு உயிரோடு வந்தவரை என்ன செய்வது என்பதைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வீட்டில் வைத்து நல்லெண்ணெய் தடவி ஒத்தடம் கொடுக்கிறார்கள். முதலில் அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி, முதல் தாள் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேடு. டூட்டி டாக்டர் “என்ன ஆச்சு” என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதுவார். எத்தனை பேர், எதனால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று நாலையும் சொல்லணும். கூட வந்த ஏட்டுக்குப் பயந்து “கீழ விழுந்துட்டேன்” என்று சொன்னால் அந்த ஒரு வரி கேஸ் முடியும்வரை கூடவே வரும். “தனியா பார்க்கணும் டாக்டர்” என்று கேட்கலாம், தப்பில்லை. ஏ.ஆர். நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். காயச் சான்று பிறகு வரும், அதற்கு இந்த நம்பர்தான் சாவி.

லத்திக் காயம் எப்படி இருக்கும்? உருண்டைத் தடி பட்டால் ரெண்டு சிவப்புக் கோடு இணையாக ஓடும், நடுவில் வெளிறி இருக்கும், தண்டவாளம் மாதிரி. மாநிற, கறுப்புத் தோலில் முதல் நாள் அது சரியாகத் தெரியாது. ரெண்டு மூணு நாளில் நிறம் மாறும்போது எடுப்பாகத் தெரியும். ஆகவே படம் ஒரு தடவை எடுத்தால் போதாது: அன்றைக்கு, மூணாம் நாள், ஏழாம் நாள். ஒவ்வொரு தடவையும் முகம் தெரிகிற மாதிரி தூரத்தில் ஒன்று, பக்கத்தில் ஸ்கேலோ 5 ரூபாய் நாணயமோ வைத்துக் கிட்டத்தில் ஒன்று. பகல் வெளிச்சத்தில் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், அழகு ஃபில்டர் தானாக ஓடினால் அணைத்துவிடுங்கள். உள்ளங்காலைப் பாருங்கள். அங்கே அடித்தால் வெளியே கீறல் இருக்காது, நடக்கத்தான் முடியாது. தலைக்கு வந்த அடியைக் கையால் தடுத்திருந்தால் முன்கை எலும்பு விட்டிருக்கும், எக்ஸ்ரே கேட்டு வாங்குங்கள்.

உயிர் காக்கிற விஷயம் இனிமேல்தான். தொடை, பின்பக்கம் என்று சதையில் நிறைய அடி விழுந்தவருக்கு ஒண்ணுக்கு டீ டிக்காஷன் நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நசுங்கின தசையிலிருந்து இறங்குகிற பொருள் கிட்னியை அடைத்துவிடும். வெளியே ரத்தம் இல்லாமல், பேசிக்கொண்டிருந்த ஆள் ரெண்டு மூணு நாளில் போய்விடுவது இதனால் நடப்பதுண்டு. ரத்தத்தில் கிரியாட்டினினும் (கிட்னிக்கு) சி.பி.கே.யும் (தசைச் சேதத்துக்கு) பார்க்கச் சொல்லுங்கள், டிரிப்ஸ் சீக்கிரம் ஏறணும். மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தும்போது “போலீஸ் அடித்தார்களா” என்று கேட்டால் வாயைத் திறந்து சொல்லணும், சட்டையைத் தூக்கிக் காட்டணும். கேட்காவிட்டாலும் சொல்லணும். 24 மணி நேரத்துக்குள் அங்கே கொண்டுபோயே ஆகணும் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே வாயைத் திறக்கலாம் என்பதுதான் தெரிவதில்லை.

கண்ணீர்ப்புகை பற்றிச் சுருக்கமாக. கண்ணைக் கசக்காதீர்கள், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், காற்று வருகிற திசைக்குப் போங்கள். லென்ஸ் போட்டவர்கள் அன்றைக்குக் கண்ணாடி போட்டு வாங்க.

சுலோசன முதலி பாலம்:

மார்ச்சுவரி வாசல் விவகாரத்துக்கு வருவோம். உடலை வாங்க மறுப்பது நம்ம பக்கத்து ஏழைக்கு இருக்கிற ஒரே பிடி. அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் தகராறு. பணத்துக்கும் வேலைக்கும் பேசி முடித்துவிட்டு, தாளைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

காவலில் சாவு என்றால் மாஜிஸ்திரேட் விசாரணை சட்டப்படி கட்டாயம், இப்போது புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 196ஆம் பிரிவு. பிரேதப் பரிசோதனைக்கு முன்னால் குடும்பம் உடலைப் பார்க்கணும், முழு உடல் எக்ஸ்ரே எடுக்கணும், தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோ எடுக்கணும் என்று மதுரைக் கிளை 2020இல் வழிகாட்டியிருக்கிறது. கோர்ட்டுக்குப் போகிறோம் என்று குடும்பம் எழுதிக் கொடுத்தால் 48 மணி நேரம் உடலைப் பாதுகாத்து வைக்கவும் அதில் வழி உண்டு. ரோட்டில் உட்காருகிற அதே நேரத்தில் ஒருத்தர் இந்த நாலையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, வாரிசு கையெழுத்து வாங்கி, ஆஸ்பத்திரி டீனிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் கொடுத்து ரசீது வாங்கணும். உடலைப் பார்க்கப் போகிறவர் அழாமல் பார்க்கக்கூடிய ஆளாக இருக்கணும். அம்மாவை அனுப்பாதீர்கள். மாமனோ சித்தப்பாவோ போகட்டும், முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் பார்க்கணும், வந்த உடனே பார்த்ததை எழுதி வைக்கணும்.

பேச்சுவார்த்தைக்கு அஞ்சு பேர் போதும்: குடும்பத்தில் ரெண்டு பேர், அதில் ஒருத்தர் பெண், ஒரு வக்கீல், ஊர்ப் பெரியவர் ஒருத்தர், எழுதுகிறவர் ஒருத்தர். கட்சி அண்ணாச்சிமார் வெளியே மைக் பிடிக்கட்டும், உள்ளே வேண்டாம். ஒத்துக்கொண்டது எல்லாம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) கையெழுத்தோடு குறிப்பாக வரணும். ரெண்டாம் நாளிலிருந்து சொந்தக்காரர்கள் வீட்டுக்கு ஒவ்வொருத்தராக ஆள் அனுப்பிப் பேசுவார்கள், அதை முன்கூட்டியே குடும்பத்திடம் சொல்லி வையுங்கள்.

பட்டியல் சாதிக்காரர் என்றால் சாதிச் சான்று முதல் நாளே கையில் இருக்கட்டும். வன்கொடுமைச் சட்டப் பிரிவு ஏறினால் விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. ரேங்குக்குக் குறையக் கூடாது. நிவாரணத் தொகையில் பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் தரணும் என்று விதியே இருக்கிறது. சட்டம் தரச் சொல்கிற காசை, உடலை வாங்கினால்தான் தருவோம் என்று பேரம் பேசுவார்கள். ஏமாந்துவிடாதீர்கள்.

கடைசியாக, எரிக்காதீர்கள், புதையுங்கள். மறு பரிசோதனைக்கு உத்தரவு வந்தால் சாம்பலில் ஒன்றும் பார்க்க முடியாது. எரிக்கிறது வழக்கம் என்று வயசாளிகள் சடைப்பார்கள், பேசித்தான் ஆகணும்.

சந்திப்பிள்ளையார் முக்கு:

எல்லாம் சரி. ஆனா ரவுடியைப் பிடித்து மாவுக்கட்டுப் போட்டு, “பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்” என்று படம் வந்தால் சிரிப்பு ஸ்மைலி போடுவது யாரு? நம்ம வாட்ஸ்அப் குரூப்தானே? சாத்தான்குளத்துக்கு நீதி கேட்டு வாட்ஸ்அப் முகப்புப் படத்தை மாற்றினதும் அதே கைதான்.

செம்மண் தேரி:

சரியான கேள்வி அண்ணாச்சி. அந்த பாத்ரூம் எல்லாருக்கும் ஒரே பாத்ரூம்தான். இன்னொன்றும் உண்டு: செத்தவர் யார் ஆள் என்று பார்த்துத்தான் இங்கே ஷட்டர் இறங்கும். ஒரு தெருவுக்கு பஜாரே அடைக்கும், இன்னொரு தெருவுக்கு டீக்கடை கூட அடைக்காது. இது போலீஸுக்கு நம்மைவிட நல்லாவே தெரியும்.

ரெண்டாம் வரிசை:

மண்டபம் பற்றி யாரும் சொல்லவில்லை. மறியலில் பிடித்தால் பஸ்ஸில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைப்பார்கள், மத்தியானம் லெமன் சாதம், சாயங்காலம் வெளியே. பிக்னிக் மாதிரி இருக்கும். அங்கே ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்து பேர், அப்பா பேர், ஊர், தொழில் கேட்பார். அந்த நோட்டுத்தான் எஃப்.ஐ.ஆரில் குற்றவாளிப் பட்டியலாக மாறுவது. டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிற பிள்ளைகள், பாஸ்போர்ட்டுக்குப் போட்டவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வரணும். பொய்ப் பேர் கொடுக்காதீர்கள், அது தனிக் கேஸ். நீங்களும் ஒரு பட்டியல் எடுங்கள்: யார் யார், எத்தனை மணிக்கு ஏற்றினார்கள், எப்போது விட்டார்கள். மண்டபத்தில் இருந்தவன் மேலேயே அதே நேரத்தில் வேறு இடத்தில் கல்லெறிந்ததாகக் கேஸ் வந்தால் அந்தப் பட்டியல்தான் காப்பாற்றும். வெறும் தடையை மீறினதாக பழைய தண்டனைச் சட்டம் 188 மட்டும் போட்டிருந்தால், போலீஸ் நேராக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று 2018இல் ஹைகோர்ட் சொல்லிவிட்டது. புதுச் சட்டத்தில் அது 223. வாபஸ் ஆகிவிட்டது என்று பேப்பரில் வந்தால் நம்பி இருக்காதீர்கள், கோர்ட்டில் போய் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

பொருநைக்கரை:

வீடியோவோடு முடித்துக்கொள்கிறேன். 2018 மே 22 தூத்துக்குடி ஸ்டெர்லைட் போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்த மறுநாளே, தூத்துக்குடி, நெல்லை, குமரி மூணு மாவட்டத்திலும் நெட்டை அணைத்தார்கள். ஆகவே அனுப்பிவிடலாம் என்று இருக்காதீர்கள், மெமரி கார்டில் கை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிப்போகும், எடுத்த நேரம் எல்லாம் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். எடுத்த போனில் மூலப் பதிவை அழிக்காதீர்கள், போனையும் விற்காதீர்கள். கோர்ட்டில் புதுச் சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுச் சான்று கேட்பார்கள், பழைய 65பி. அதில் எந்தப் போன், யார் எடுத்தது என்று எழுதணும். ஓடிக்கொண்டே எடுக்காதீர்கள். சுவரோரம் நின்று, கடை போர்டு ஒன்று ஃபிரேமில் விழுகிற மாதிரி, 20 விநாடியாவது அசையாமல். சட்டையில் பேர் பட்டை தெரிந்தால் அதில் ஒரு நொடி நிறுத்துங்கள்.

ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாதம் வைத்திருக்கணும், முடியாவிட்டால் ஒரு வருஷமாவது என்று சுப்ரீம் கோர்ட் 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அதைப் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்கு அன்றைக்கே பதிவுத் தபால் போடுங்கள். ஆனால் முதலில் போக வேண்டியது எதிர்க் கடைக்கு. கடை கேமராவைப் பதிகிற டி.வி.ஆர். பெட்டி பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்தில் பழைய பதிவு மேலேயே எழுதிக்கொள்ளும். கடைக்காரர் பயப்படுவார். “அண்ணாச்சி, உங்க பேர் வராது” என்று பொய் சொல்லாதீர்கள், வரலாம். கூட்டமாகப் போகாமல் அவருக்குத் தெரிந்த ஒருத்தரும் வக்கீலும் மட்டும் கடை சாத்துகிற நேரத்தில் போங்கள். பென் டிரைவ் ரெண்டு எடுத்துப் போங்கள். ஒன்று வக்கீல் கையில், இன்னொன்று அன்றைக்கு ராத்திரியே வெளியூருக்கு.