கொம்பு உதவாவிட்டால் குட்டிக்கு இடமில்லையா?

கதைக்காரி:
சின்னப் பிள்ளைகளுக்கான படக்கதைகளில் ஒரே அச்சு திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு குட்டி மட்டும் மற்றவற்றைப் போல இல்லை. எல்லாரும் கேலி செய்கிறார்கள். அப்புறம் ஓர் ஆபத்து. அந்தக் குட்டியின் வளைந்த கொம்புதான் கூட்டத்தைக் காப்பாற்றுகிறது. உடனே ‘நீயும் நம்மவன்’. காப்பாற்றியிருக்காவிட்டால்? பயன்பட்டால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்றுதானே பிள்ளைக்குப் புரியும்?

முயல்காது:
நாலு வயதுப் பிள்ளை இவ்வளவு யோசிக்குமா? கேலி செய்தது தப்பு, குட்டி பாவம். இதுதான் மனதில் நிற்கும். விலங்குக் கதையில் யாரையும் சுட்டாமல் பேசலாம். சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை இருக்கும் வகுப்பில் அப்படியொரு பிள்ளையின் கதையை எடுத்துப் பாருங்கள், எல்லாக் கண்ணும் அவன்மேல்தான் இருக்கும்.

கதைக்காரி:
சுட்டாமல் பேசினால், தனக்குச் சொல்கிறார்கள் என்றே பிள்ளைக்குத் தெரியாமல் போகலாம். டொரண்டோ ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு மனிதர்களை வைத்தும், சிலருக்கு மனிதரைப் போல நடக்கும் விலங்குகளை வைத்தும் வாசித்தார்கள். மனிதர் கதை கேட்டவர்கள் தங்கள் ஸ்டிக்கர்களை முன்பைவிட அதிகமாகக் கொடுத்தார்கள். விலங்குக் கதை கேட்டவர்கள் அப்படிக் கொடுக்கவில்லை.

முயல்காது:
ஒரு கதை, கொஞ்சம் ஸ்டிக்கர். அதை வைத்து எல்லா யானையையும் முயலையும் விரட்டிவிடலாமா?

மூன்றாம்பக்கம்:
கதை வித்தியாசத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று இருவருமே நினைக்கிறீர்கள். 1962-இல் அமெரிக்க எழுத்தாளர்-ஓவியர் எஸ்ரா ஜாக் கீட்ஸ் போட்ட ‘தி ஸ்னோயி டே’ படக்கதையில் பீட்டர் கறுப்பினச் சிறுவன். அது படத்தில்தான் தெரியும், எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. பனியில் விளையாடுகிறான், அவ்வளவே. அடுத்த ஆண்டே அமெரிக்கப் படக்கதைகளுக்கான கால்டெகாட் பதக்கம். புத்தகத்தில் கறுப்பினப் பிள்ளை வருவதே அபூர்வமாக இருந்த காலம்: 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வந்த 5,000-க்கும் மேற்பட்ட சிறுவர் புத்தகங்களை கல்வியாளர் நான்சி லாரிக் ஆராய்ந்தபோது, கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை 6.7 சதவீதம்தான்.

முயல்காது:
எழுத்தில் இல்லையென்றால் வாசித்துக் காட்டும் பெரியவரும் பேசாமல் பக்கத்தைத் திருப்பிவிடுவார். பிள்ளை கேட்டால் ‘ஷ்ஷ்’. சரி, கொம்பு யாரையும் காப்பாற்றாத விலங்குக் கதை வந்தால் வாங்குவீர்களா?

கதைக்காரி:
வாங்குவேன். கேலி செய்தவர்கள் மன்னிப்புக் கேட்கும் பக்கமும் இருக்கட்டும். பெரும்பாலான கதைகளில் அவர்கள் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.