வால்பாறையிலிருந்து காரில் இறங்க யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை போகிறோம். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர்தான், ஆனால் அதில் 40 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதில் எனக்குப் பயமில்லை, இறங்குவதில்தான்.

போன தடவை நண்பனின் காரில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்ததில், பதினைந்தாவது வளைவுக்குள் (எண் கீழேயிருந்து மேலே போகும்) ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். எப்படியோ ஒன்பதாவது வளைவு, அதுதான் இந்தப் பாதையைப் போட்ட பொறியாளர் லோம் பெயரில் இருக்கும் காட்சிமுனை, அங்கே கொண்டுபோய் நிறுத்தி அரை மணி நேரம் சக்கரம் ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். கீழே ஆழியாறு அணை தகதகவென்று மின்னுகிறது, பக்கத்துத் தடுப்புச் சுவர் மேல் ஒரு வரையாடு எங்களைச் சட்டையே செய்யாமல் நிற்கிறது. ரசிக்கத்தான் மனசு வரவில்லை.

இப்போது என்னுடையது ஆட்டோமேட்டிக் வண்டி, ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாமல் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வகை). மேனுவல் மோடில் போட்டு இரண்டாவது கியரிலேயே இறங்கலாமா, இல்லை வளைவுகளில் முதல் கியர் வேண்டுமா? இதே மாதிரி வண்டியில் இறங்கியவர்கள் சொன்னால் நல்லது. எதிரே பஸ் ஏறி வந்தால் எங்கே ஒதுங்குவது?

அப்புறம், அப்பாவுக்கு வளைவில் வாந்தி வரும். சாப்பிடாமல் கிளம்புவதா, இரண்டு இட்லியோடு கிளம்புவதா? எலுமிச்சம்பழம் வேலைக்கு ஆகவில்லை, அதைச் சொல்லாதீர்கள்.