சிறுநீர் லாம் ஸ்ட்ரிப்பில் மங்கலான கோடு: பாசிட்டிவ் என்று எழுதலாமா?

கேள்வி (லேப் டெக்னீஷியன், சென்னை)
எச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்திலிருந்து வருபவர்களுக்கு, சிறுநீரில் காசநோயை (டிபி) தேடும் லாம் டெஸ்ட் போடுகிறோம். சில ஸ்ட்ரிப்பில் கோடு இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. பாசிட்டிவ் எழுதலாமா? நெகட்டிவ் வந்தால் டிபி இல்லை என்று விட்டுவிடலாமா? சளி வராத சர்க்கரை நோயாளிகளுக்கும் இதையே போடச் சொல்கிறார்கள்.

பதில் 1 (ஆய்வக மேற்பார்வையாளர்)
கோட்டின் அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கக் கிட்டோடு வரும் ரெஃபரன்ஸ் கார்டைப் பக்கத்தில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கார்டின் கிரேடு 1 அளவுக்காவது கோடு அழுத்தமாக இல்லையென்றால் பாசிட்டிவ் எழுதாதீர்கள். புது ஸ்ட்ரிப்பில் திரும்பப் போடுங்கள். பழைய கார்டு கையில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதில் 5 கிரேடு இருந்தது. 2014-ல் மிக மங்கலான கிரேடை எடுத்துவிட்டு நான்காக்கினார்கள். பழைய கிரேடு 2தான் இப்போதைய கிரேடு 1.

சிறுநீர் 60 மைக்ரோலிட்டர், பிப்பெட்டில் அளந்து பேடில் விடவேண்டும். சொட்டு மருந்துக் குழாயில் கண்மதிப்பாக விட்டால் அளவு தப்பும். 25 நிமிடம் கழித்துப் படியுங்கள், 35 தாண்டினால் அந்த ஸ்ட்ரிப்பை நம்பக்கூடாது. டெஸ்ட் சரியாக நடந்ததைக் காட்டும் கன்ட்ரோல் கோடு வராவிட்டால் டெஸ்டே செல்லாது.

கிட்டை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்கவேண்டும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத ஸ்டோர் ரூம் நம் ஊரில் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். இதை யாரும் கவனிப்பதில்லை. சிறுநீரில் மலமோ மண்ணோ கலந்தாலும் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். சுத்தமான டப்பாவில் வாங்குங்கள்.

பதில் 2 (நெஞ்சக நோய் மருத்துவர்)
நெகட்டிவ் என்பதை வைத்து டிபி இல்லை என்று சொல்லவே கூடாது. எச்ஐவியோடு டிபி அறிகுறியும் உள்ளவர்களிடமே, இருக்கும் டிபியில் பாதிக்கும் குறைவாகத்தான் இது பிடிக்கிறது. லாம் என்பது கிருமியின் செல் சுவரிலுள்ள ஒரு பொருள். கிருமி உடம்பெங்கும் பரவி, எதிர்ப்புச் சக்தி சரிந்திருக்கும்போதுதான் அது சிறுநீரில் போதுமான அளவு இறங்கும். அதனால்தான் சிடி4 (எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்த அணு எண்ணிக்கை) குறையக் குறைய இந்த டெஸ்டுக்கு மதிப்பு கூடுகிறது.

பாசிட்டிவ் வந்தால் அன்றே மருந்து தொடங்கலாம். 2016-ல் லான்செட்டில் வந்த ஆப்பிரிக்க ஆய்வில், வார்டில் இருந்த எச்ஐவி நோயாளிகளுக்கு இதையும் சேர்த்துச் செய்தபோது 8 வார இறப்பு 25 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைந்தது. ஆனால் முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்று லாம் சொல்லாது. அதைச் சொல்லும் மரபணு டெஸ்டுகளான சிபிநாட்டுக்கோ ட்ரூநாட்டுக்கோ சளியைக் கட்டாயம் அனுப்புங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி டாக்டர். சர்க்கரை நோயாளிகளுக்கு?

பதில் 2
எச்ஐவி இல்லாதவருக்கு இந்த ஸ்ட்ரிப் வேண்டாம், பெரும்பாலும் நெகட்டிவ் காட்டி ஏமாற்றும். முதலில் எச்ஐவி நிலையை உறுதி செய்யுங்கள். சளி வராவிட்டால் 3 சதவீத உப்புநீரை நெபுலைசரில் கொடுத்து, காற்றோட்டமான இடத்தில் சளி எடுங்கள். சிறுநீரில் சீழ் செல் இருந்தும் சாதாரண கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் சிறுநீரக டிபியை நினையுங்கள். அதற்கு லாம் அல்ல, தொடர்ந்து 3 நாள் காலையின் முதல் சிறுநீரை முழுவதுமாகப் பிடித்து டிபி கல்ச்சருக்கு அனுப்பவேண்டும்.