ஒளிவிலகல் எண் இருக்கட்டும், கூடவே 'சுணக்க எண்' வேண்டும்

வணக்கம்.

ஒரு பொருளுக்குள் நுழையும்போது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் 'ஒளிவிலகல் எண்' என்பதை 'வேகக்குறைப்பு எண்' என்று மாற்றலாம் என மண்டபத்து ஆசிரிய நண்பர் எழுதியிருந்தார். பாசி எடுக்கும் பெண்கள் போடும் கண்ணாடியை வைத்துப் பாடம் நடத்தியபோது பிள்ளைகள் கேட்டார்களாம், ஒளி தண்ணீரில் மெதுவாகப் போகிறது என்றால் பெயரிலேயே அதைச் சொல்லக் கூடாதா என்று.

நல்ல கேள்வி. கண்ணாடி போட்டு முங்கினால் நாலடி தள்ளியிருக்கும் பாசி மூன்றடியில் இருப்பதுபோலத் தெரியும். கை நீட்டினால் எட்டாது. தண்ணீரின் எண் 1.33, அதாவது மூன்றுக்கு நாலு. நொடிக்குச் சுமார் 3,00,000 கிலோமீட்டர் போகும் ஒளியை 2,25,000-க்கு இறக்குவதும் இதே எண்தான்.

ஆனாலும் அந்தப் பெயருக்கு நான் உடன்படவில்லை. எக்ஸ் கதிருக்குக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஒன்றைவிடத் துளி குறைவு. அங்கே 'வேகக்குறைப்பு' பொய்யாகிவிடும். விலகல் பொய்யாகாது: மிகவும் சாய்ந்து விழும் எக்ஸ் கதிர் உள்ளே நுழையாமல் கண்ணாடியின் மேற்பரப்பிலேயே முழுவதும் திரும்பிவிடுகிறது. தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 'முறிவுச் சுட்டி' என்கிறார்கள். அதுவும் வளைவதைத்தான் சொல்கிறது.

அப்படியானால் எக்ஸ் கதிர் ஒளிவேகத்தை மிஞ்சுகிறதா? இல்லை. ஒளி, அணுவுக்கு அணு நின்று இளைப்பாறிப் போவதில்லை. அது பொருளின் எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான்களும் அலை எழுப்புகின்றன. இரண்டும் சேர்ந்த அலையின் முகடுகள் பின்தங்கலாம், முந்தவும் செய்யலாம். ஒளிவிலகல் எண் இந்த முகடுகளின் வேகத்தைத்தான் குறிக்கிறது. செய்தி சுமந்து போகும் ஒளித்துடிப்பின் வேகம் வேறு. நமக்குச் சொல் இல்லாத இடம் அதுதான்.

ஒளியிழைக் கேபிளை எடுத்துக்கொள்வோம். 1550 நானோமீட்டர் ஒளிக்கு இழையின் ஒளிவிலகல் எண் சுமார் 1.444. துடிப்பு எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதைச் சொல்லும் எண் சுமார் 1.468. ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் பக்கம் 50 கிலோமீட்டரில் இழை அறுந்துவிட்டது என்று வையுங்கள். துடிப்பை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து அறுந்த இடத்தைக் கருவி கணக்கிடும். அதில் 1.468-க்குப் பதில் 1.444 என்று போட்டால் 50.8 கிலோமீட்டர் என்று காட்டும். எண்ணூறு மீட்டர் தள்ளிப் போய்க் குழி தோண்ட வேண்டியதுதான். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் இந்தத் தவறு நடக்கத்தான் செய்யும்.

துடிப்புக்கான எண்ணைச் 'சுணக்க எண்' எனலாம் என்பது என் முன்மொழிவு. ஆங்கிலத்தில் இது group index. அதை அப்படியே 'குழு எண்' என்றால் எந்தக் குழு என்று கேட்பார்கள். தொண்டி நண்பர் சொன்ன 'தாமத எண்' எனக்கும் பிடித்தது. ஆனால் தாமதம் என்பதை நொடியில் அளக்கிறோம், இதற்கு அலகே கிடையாது. வேலை சுணங்குகிறது என்று தினமும் பேசுகிறோமே, அந்தச் சொல் எந்தக் கலைச்சொல்லோடும் மோதுவதாகத் தெரியவில்லை. பேச்சுச் சொல் என்பதை நான் குறையாக நினைக்கவில்லை.

ஒளியிழை வேலையில் இருப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். 'இந்த இழையின் சுணக்க எண் 1.468' என்று சொல்லிப் பாருங்கள். இடறினால் எழுதுங்கள்.