மதுரைக்கு மட்டுமே பொருந்துகிற ரைடு என்றால் எதைக் கட்டலாம்?

ஒத்தக்கடை_வாசி:

கொச்சி, பெங்களூர், ஹைதராபாத் என்று மூன்று ஊர் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்கும் போய் வந்துவிட்டேன். கொச்சிப் பூங்கா வீகாலேண்ட் என்ற பெயரில் இருந்தபோது பள்ளிச் சுற்றுலாவில் போனதுதான் முதல் தடவை, அன்றைக்குப் பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஓர் ஊரில் இருக்கிற ரைடைக் கழற்றிக் கொண்டுபோய் இன்னோர் ஊரில் மாட்டினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நான் கேட்பது வேறு. பரவையில் இருக்கிற நம்ம அதிசயம் பூங்காவுக்கோ, நாளைக்கு இந்தப் பக்கம் வரக்கூடிய வேறொரு பூங்காவுக்கோ, மதுரையில் வைத்தால்தான் அர்த்தம் என்கிற மாதிரி ஒரே ஒரு ரைடு. காசு, இடம், அனுமதி எல்லாம் அப்புறம். முதலில் என்ன கட்டலாம் என்று சொல்லுங்கள்.

தினமும் மொட்டைமாடியில் பல் தேய்க்கும்போது யானைமலையைப் பார்க்கிறவன் நான். ஊரை அழிக்க ஏவிவிட்ட யானை கல்லானது யானைமலை, பாம்பு நாகமலை, பசு பசுமலை என்று சின்ன வயதில் கேட்ட கதைதான். ஊரைச் சுற்றி மலைக்கு ஒரு கதை இருக்கும்போது நாம் ஏன் பிளாஸ்டிக் டைனோசரைக் கொண்டுவந்து வைக்கவேண்டும்?

என்னுடைய ரைடு படகில் போகிறது. வெளிச்சமில்லாத கட்டடத்துக்குள் படகோ வண்டியோ ஊர்ந்துபோய்க் கதை காட்டுமே, டார்க் ரைடு என்பார்கள், அந்த வகை. கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் 1967இல் திறந்த கடற்கொள்ளையர் படகு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்குக் கடல் வேண்டாம், வைகை போதும்.

முதல் காட்சி திருவாதவூரார், அதாவது மாணிக்கவாசகர். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டு நிற்கிறார். அடுத்தது லாயம். வரிசையாகக் குதிரைகள், வைக்கோல் வாசம், குளம்புச் சத்தம். படகு மெதுவாகக் கடக்கும்போதே ஒவ்வொரு குதிரையும் நம் கண்ணெதிரே நரியாகிறது. இதற்குத் திரையோ கம்ப்யூட்டரோ வேண்டாம், லண்டனில் 1862இல் நாடக மேடையில் காட்டிய கண்ணாடி வித்தையே போதும். நமக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு பெரிய கண்ணாடி 45 டிகிரி சாய்வில் நிற்கும், பக்கத்தில் நாம் பார்க்க முடியாத அறையில் அதே அளவில் நரி பொம்மை இருக்கும். குதிரை மேல் விழுகிற விளக்கைக் குறைத்துக்கொண்டே நரி மேல் விழுகிற விளக்கைக் கூட்டினால், குதிரை நின்ற அதே இடத்தில் கண்ணாடியில் நரி தெரியும். டிஸ்னியின் பேய் மாளிகையிலும் அடிப்படை இதுதான்.

அப்புறம் வெள்ளம். கரை உடைகிறது, வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வரவேண்டும் என்று பறை அறைகிறார்கள், வந்திக்கிழவிக்கு ஆள் இல்லை, பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு ஒரு கூலிக்காரன் வருகிறான். அவன் வேலை செய்யாமல் தூங்குகிறான். பாண்டியன் பிரம்பை ஓங்குகிறான். அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது என்பதுதானே கதை? ஒவ்வொரு இருக்கையின் முதுகுப் பலகையிலும் ஒரு சின்னத் தட்டல். படகில் இருக்கிற பன்னிரண்டு பேருக்கும் ஒரே நொடியில்.

இதைப் பத்து வருஷமாக மனதில் வைத்திருக்கிறேன்.

வாடிவாசல்_85:

தம்பி, உங்களுடையது அருமை. ஆனால் மதுரை என்றால் முதலில் வாடிவாசல்தான். ரோலர் கோஸ்டர் ரயிலை இருட்டான குறுகலான சந்துக்குள் நிறுத்தவேண்டும், இரண்டு பக்கமும் மரக்கட்டை, வெளியே கூட்டத்துச் சத்தம் மட்டும் கேட்கும், எப்போது திறக்கும் என்று தெரியாது. கதவு திறந்த நொடியில் காந்த மோட்டார் தூக்கி எறிந்த மாதிரி வெளியே பாயவேண்டும். சங்கிலியில் கடகடவென்று ஏறிப்போய் விழுகிற கோஸ்டர் இதற்கு ஒத்துவராது, காளை அப்படி வராது.

இன்னொன்று. அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ முதலில் அவிழ்த்து விடுவது கோயில் காளை, அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். எந்தக் கோஸ்டரையும் காலையில் ஆள் ஏற்றாமல் ஓட்டிப் பார்த்த பிறகுதான் திறப்பார்கள். அந்த முதல் காலி ரயிலுக்கு மாலை போட்டு, எல்லாரும் பார்க்க விடவேண்டும். அதுதான் நம்ம கோயில் காளை. காலை பத்து மணிக்கு அதைப் பார்ப்பதற்காகவே ஆள் வரும்.

ராட்டினப்பட்டறை:

பொருட்காட்சிகளுக்கு ராட்டினம் மாட்டுகிற வேலை எனக்கு. தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சிக்குக் கொலம்பஸ் என்கிற ஆடுகிற கப்பலை மாட்டியிருக்கிறேன், திருவிழாக்களில் குடை ராட்டினம், ராட்சத ராட்டினம் எல்லாம் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அதனால் கையில் ஸ்பானர் பிடிக்கிறவன் பார்வையில் சொல்கிறேன், இரண்டும் கட்டக்கூடியவைதான்.

வாடிவாசல் அண்ணே, உங்கள் ரைடுக்கு மின்சாரம்தான் பெரிய விஷயம். மூன்று நான்கு நொடியில் ரயிலைத் தள்ளிவிட அந்த நேரத்துக்கு மட்டும் ஏகப்பட்ட பவர் இழுக்கும். அதை நேரடியாக லைனில் இழுக்காமல் கெப்பாசிட்டரிலோ கனமான சுழல்சக்கரத்திலோ கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் விடுவார்கள். முடியாத காரியம் இல்லை, பணக்காரக் காரியம்.

ஒத்தக்கடை தம்பியின் படகுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். படகுக்கு 12 பேர், அரை நிமிஷத்துக்கு ஒரு படகு விட்டால் மணிக்கு 1,440 பேர் போகலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இது போதும். கோஸ்டரில் ஒரு தடவைக்கு 20 பேர், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 600 பேர்தான், மீதிப் பேர் வெயிலில் நிற்பார்கள். படகு கட்டடத்துக்குள் ஓடுவதால் மே மாத வெயிலிலும் பிரச்சினை இல்லை, தண்ணீரும் வெளியே இருக்கிற சறுக்கலைவிடக் குறைவாகவே ஆவியாகும். அதே தண்ணீரைச் சுத்தம் செய்து சுற்றவிடலாம்.

முதுகில் தட்டுவதற்கு நான் வழி சொல்கிறேன். படகில் கம்ப்ரஸர் வைக்கக்கூடாது, சத்தமும் வரும், நனையவும் செய்யும். லாரி ஏர் பிரேக்குக்கு இருக்கிற காற்று டேங்கில் சின்ன சைஸ் ஒன்று சீட்டுக்கு அடியில், ஆள் ஏறுகிற இடத்திலேயே காற்றைப் பிடித்துக்கொள்ளும். முதுகுப் பலகைக்குப் பின்னால் கட்டைவிரல் அளவில் ஒரு பிஸ்டன், முனையில் ரப்பர். வால்வு திறந்தால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

இப்போது என் ஆசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரைடு எட்டு நிமிஷம் என்று வைத்தால் ஒரே நேரத்தில் 16 படகு தண்ணீரில் இருக்கும், 192 பேர். பாண்டியன் பிரம்பை ஓங்குகிற காட்சிக்கு முன்னால் நிற்கிற படகுக்கு மட்டும் ஏன் அடி? அந்த அடி பாண்டியனுக்கும் விழுந்தது, அவன் மனைவிக்கும் மந்திரிக்கும் விழுந்தது, வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் விழுந்தது என்பார் என் அப்பத்தா. அதனால் 192 பேருக்கும் ஒரே நொடியில் விழட்டும். லாயத்தில் நரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் முதுகில் திடீரென்று தட்டல், யார் தட்டினது என்று திரும்பிப் பார்ப்பான், பக்கத்தில் இருக்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். வரிசையில் காத்திருக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சுக்கும் இதே ஏற்பாடு. ஏன் அடித்தது என்று கடைசிக் காட்சிக்கு வரும்போதுதான் தெரியவேண்டும்.

புட்டுத்தோப்பு_அக்கா:

ராட்டினத் தம்பி எழுதினதைப் படித்தவுடன் உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் வீடு ஆரப்பாளையம் பக்கம், ஆவணி மூலத்துக்கு வருஷாவருஷம் சாமி புட்டுத்தோப்புக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தேன். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் வருவார், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் வருவார், மண் சுமந்த லீலையை நடத்திக்காட்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் என் அம்மா இடுப்பில் நான் இருந்திருக்கிறேன், என் இடுப்பில் என் மகள் இருந்திருக்கிறாள்.

அதனால் சில விஷயம் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கூலியாளின் முகத்தைப் பொம்மையாகச் செய்யாதீர்கள். மோட்டாரில் கண் சிமிட்டுகிற சாமியை என்னால் பார்க்க முடியாது, என்னைப்போல் நிறையப் பேர் இருப்பார்கள். முதுகு மட்டும் தெரியட்டும். அழுக்கு வேட்டி, தலையில் சும்மாடு, பக்கத்தில் கவிழ்த்துவைத்த கூடை, மரத்தடியில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். அடி விழுந்ததும் விளக்கு அணைந்து திரும்ப எரியும்போது கரை அடைபட்டிருக்கும், கூடை மட்டும் கிடக்கும், ஆள் இருக்கமாட்டார். அதைவிட வேறென்ன வேண்டும்?

தட்டுகிற இயந்திரம் இல்லாத படகும் சில இருக்கவேண்டும். முதுகில் ஆபரேஷன் செய்தவர்கள், மாசமாக இருக்கிறவர்கள் எல்லாம் வருவார்கள். என் அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆடுகிற படகில் கால் வைத்து இறங்கமுடியாது. ஏறுகிற இடத்தில் படகும் தரையும் ஒரே மட்டமாக, ஒரு படகாவது சக்கர நாற்காலியோடு ஏறுகிற மாதிரி செய்யுங்கள். பூங்காவுக்கு வருகிற பாட்டிகள் எல்லாரும் பையைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள், இந்தக் கதை முழுக்கத் தெரிந்தது அவர்களுக்குத்தான்.

அப்புறம் வந்தி வீட்டில் ஆவி பறக்கட்டும். அரிசிமாவு வேகிற வாசமும் தேங்காய்ப்பூ வாசமும் படகு வளைவில் திரும்புவதற்கு முன்னாலேயே வரவேண்டும். இறங்குகிற இடத்தில் வாழையிலைத் துண்டில் ஒரு கை பிட்டு, வெல்லம் போட்டு, உதிர்ந்த பிட்டாகத்தான் கொடுக்கவேண்டும். உதிர்ந்ததுதானே அவருக்குக் கூலி.

நாகமலை_மேற்கு:

படகுக்கே என் ஓட்டு, இருந்தாலும் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்துக்குப் பிறகு ஊரின் எல்லை எங்கே என்று தெரியாமல் போனபோது பாம்பு ஊரைச் சுற்றிப் படுத்து வாலை வாயில் கவ்வி எல்லை காட்டியது, அதனால்தான் ஆலவாய். பூங்காவின் மதிலை ஒட்டி முழுக்க ஒரு கோஸ்டர். ஏறுகிற இடம் வாய், வந்து நிற்கிற இடம் வால். டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கும்போதே தலைக்கு மேல் பாம்பு போகும்.

ராட்டினப்பட்டறை:

நாகமலை நண்பரே, 70 ஏக்கர் இடம் என்று வைத்துக்கொண்டாலே சுற்றளவு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வரும். ஜப்பானில் நாகஷிமாவில் இருக்கிற ஸ்டீல் டிராகன் 2,479 மீட்டர், உலகத்தின் நீளமான கோஸ்டர்களில் ஒன்று, ஏறக்குறைய அந்த அளவுக்குப் போய்விடுவோம். மதிலை விட்டுவிட்டு ஒரு குளத்தைச் சுற்றட்டும். வண்டியூர் தெப்பக்குளம் ஏறக்குறைய 1,000 அடிக்கு 950 அடி. நீளத்திலும் அகலத்திலும் அதில் பாதி என்று ஒரு குளம் வெட்டினால் சுற்று சுமார் 600 மீட்டர், குடும்பத்தோடு போகிற கோஸ்டருக்குச் சரியான அளவு. நடுவில் மைய மண்டபம், ராத்திரியில் தண்ணீரில் பாம்பின் விளக்கு விழும். உயரம் 15 மீட்டர் தாண்டவேண்டாம், அதற்கே மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும், பத்து வயசுப் பிள்ளைக்கு அது போதும்.

ஒத்தக்கடை_வாசி:

அக்கா, முகம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதுதான் சரி. நான் முகத்தை எப்படிச் செய்வது என்று இத்தனை வருஷம் யோசித்து யோசித்து எதுவும் பிடிக்காமல் விட்டிருந்தேன், முதுகை வைத்து யோசிக்கவே இல்லை. தட்டல் இல்லாத படகும் ஒரே மட்டத்து மேடையும் கண்டிப்பாக உண்டு.

பிரான்சில் புய் து ஃபூ என்று ஒரு பூங்கா. பெயருக்குக்கூட ரோலர் கோஸ்டர் கிடையாது, வரலாற்றுக் காட்சிகள்தான். 1978இல் அந்தப் பகுதி மக்களே சம்பளம் வாங்காமல் நடித்த ஓர் இரவுக் காட்சியாக ஆரம்பித்தது, இன்றைக்கு ஐரோப்பா முழுக்க ஆள் வருகிறது. அதனால் இது நடக்காத ஆசை என்று யாரும் சொல்லாதீர்கள்.

அண்ணே, ஒரு சந்தேகம். 192 பேருக்கும் ஒரே நேரத்தில் என்றால், அரை நிமிஷத்துக்கு ஒரு படகு அந்தக் காட்சிக்கு வருமே, ஒவ்வொரு படகுக்கும் ஓர் அடி என்று வைத்தால் எட்டு நிமிஷத்தில் ஓர் ஆளுக்குப் பதினாறு அடி விழும். அது சித்திரவதை.

ராட்டினப்பட்டறை:

நல்ல கேள்வி தம்பி, நான் அதை யோசிக்கவில்லை. அப்படியென்றால் கடைசிக் காட்சியில் படகுகளை எட்டு எட்டாகச் சேர்த்து நிறுத்தவேண்டும். கரை மாதிரி வளைவான ஓர் அகலக் குளம், எட்டுப் படகும் வந்து நின்ற பிறகுதான் பிரம்பு இறங்கும். நாலு நிமிஷத்துக்கு ஓர் அடி, ஓர் ஆளுக்கு மொத்தம் இரண்டு. முதலில் விழுவது காரணம் தெரியாத அடி, இரண்டாவது தெரிந்த அடி. இது இன்னும் நன்றாக இருக்கிறது. படகுகள் கொஞ்சம் நின்று போவதால் எண்ணிக்கையைக் கூட்டவேண்டும், 20 படகு தேவைப்படும்.

எவ்வளவு பலமாகத் தட்டலாம் என்பதுதான் இப்போது கேள்வி. வலிக்கக்கூடாது, ஆனால் விளையாட்டாகவும் தெரியக்கூடாது. பட்டறையில் பழைய கொலம்பஸ் சீட் ஒன்று கிடக்கிறது, பிஸ்டனும் இருக்கிறது. ஆள் ஏற்றுவதற்கு முன்னால் எப்போதும் மணல் மூட்டை வைத்துத்தான் ஓட்டிப் பார்ப்போம், இதற்கும் அப்படியே செய்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டிவிடுவேன். மணல் மூட்டைக்கு அடுத்து உட்கார ஓர் ஆள் வேண்டும்.

புட்டுத்தோப்பு_அக்கா:

நான் வருகிறேன். பிட்டும் அவித்துக் கொண்டுவருகிறேன்.