ரெகே கச்சேரிய அரினால வைக்கலாமா?

பேஸ்பைத்தியம்:
ஜமைக்காவுல பொறந்த ரெகே இசைய வாசிக்கிற பேண்ட இருபதாயிரம் பேர் உக்கார்ற மூடுன அரினால ஏத்துறது வேஸ்ட். ஒன் டிராப்ங்கற ரெகே தாளத்துல நாலு அடில முதல் அடிய டிரம்மர் சும்மா விட்டுடுவாரு, மூணாவதுல தான் கிக் (பெரிய டிரம் அடி) விழும், நடுவுல இருக்குற காலி இடத்துல தான் பேஸ் கிட்டாரே நடந்து வரும். அரினால அந்த இடத்த எக்கோ வந்து ரொப்பிடுது. நறுக்குனு நிக்க வேண்டிய கிட்டார் கொழகொழன்னு இழுக்குது. அப்புறம் என்னங்க ரெகே

கடைசிவரிசை:
ஹெட்ஃபோன்லயே குடித்தனம் நடத்துறவங்க பேச்சு இது 😄 1980ல ரெகே பாடகர் பாப் மார்லி இத்தாலில மிலான் சான் சீரோ ஸ்டேடியத்துல பாடுனப்ப ஒரு லட்சம் பேர்னு சொல்றாங்க. 1978 ஏப்ரல்ல ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டன் நேஷனல் ஸ்டேடியத்துல, ரெண்டு கட்சி ஆளுங்களும் தெருவுல சுட்டுக்கிட்டு இருந்த நேரம், அந்தக் கட்சித் தலைவருங்க மேன்லியையும் சியாகாவையும் மேடைக்குக் கூப்ட்டு கைய கோத்து தூக்கிப் பிடிச்சாரு. சின்ன கிளப்ல இது நடக்குமா?

பேஸ்பைத்தியம்:
ரெண்டுமே திறந்தவெளிங்க, சத்தம் மேல போயிடும். நான் சொன்னது கூரை போட்டதைப் பத்தி. அவரோட பேர் போன லைவ் ஆல்பமே 1975ல லண்டன் லைசியம் தியேட்டர்ல பதிவானது தான், ‘நோ வுமன் நோ க்ரை’ ஆரம்பத்துல கூட்டம் பாடுறது தனியா கேக்கும்

கடைசிவரிசை:
எக்கோ பிடிக்காதவரு டப் (ரெகே பாட்ட மிக்ஸர்ல பிரிச்சு மேய்ஞ்சு பண்ற இசை) கேட்டதே இல்லயா? அத பண்ணுன கிங் டப்பி, லீ பெர்ரி எல்லாம் எக்கோவ வச்சு தானே சாம்ராஜ்யமே கட்டுனாங்க

பேஸ்பைத்தியம்:
டப்பி எக்கோ அவர் விரல்ல இருந்துச்சு, ஒரு சொல்லுக்கு மட்டும் திறந்து விட்டு உடனே மூடிடுவாரு. சுவருக்கு ஸ்விட்ச் எங்க இருக்கு சொல்லுங்க

மிக்ஸர்மாமா:
நான் சவுண்டு போடுற ஆளு, நடுவுல வரேன். சத்தம் 100 மீட்டர் போக கிட்டத்தட்ட 0.3 செகண்ட் ஆகும், நிமிஷத்துக்கு 75 பீட் பாட்டுன்னா ஒரு பீட்டே 0.8 செகண்ட் தான், அதனால நடுவுல வேற ஸ்பீக்கர் கட்டுனா அதுக்கு டிலே கொடுக்கணும், அதாவது சத்தத்த அந்த அளவு தாமதமா விடணும், இல்லன்னா பின்னாடி இருக்குறவங்களுக்கு ஒரே அடி ரெண்டு தடவ கேக்கும். இத சரி பண்ணிடலாம். பேஸ் தான் தலைவலி. காலி ஹால்ல சவுண்ட்செக் பண்றப்ப இருக்குற கூச்சல ஜனம் நிறைஞ்சதும் உடம்புங்க கொஞ்சம் உறிஞ்சிடும், ஆனா கீழ் ஸ்வரம் மட்டும் அவ்வளவா அடங்காது. அதுக்கு மேல ராக் கச்சேரி பழக்கத்துல கிக்க தூக்கி வச்சு பேஸ அமுக்குறவங்களும் இருக்காங்க, அங்க தான் சோலி முடியுது. ஹால் மேலயே பழி போடாதீங்க

பேஸ்பைத்தியம்:
அப்ப நல்ல ஆள் கெடச்சா பரவால்லனு சொல்றீங்க. எத்தன டூர்ல கெடைக்குது மாமா?

மிக்ஸர்மாமா:
கம்மி தான். டிக்கெட் எடுக்குறதா இருந்தா மிக்ஸர் டெஸ்க் பக்கத்துல எடுங்க, நாங்க கேக்குறது தான் உங்களுக்கும் கேக்கும்

கடைசிவரிசை:
நீங்க ரெண்டு பேரும் டெஸ்க்குகிட்ட நின்னு செகண்ட எண்ணிக்கிட்டு இருங்க, நாங்க பின்னாடி ஆடிக்கிறோம்